ஒருமுறை மூட்டிய சூட்டில் ஒரு வாரத்து ரொட்டி

எங்கள் வீட்டில் 5 வயதில் ஒரு பெண்ணும் 2 வயதில் ஒரு பையனும் இருக்கிறார்கள். உறவினர் ஒருவர் வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போன 60 லிட்டர் மின் ஓவன் ஒன்றும் இருக்கிறது. ரொட்டியை இனி வீட்டிலேயே சுட்டுக்கொள்வது என்று நானும் மனைவியும் முடிவெடுத்தபோது, செலவு குறையும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் என்று நான்கே பொருள்; இதில் நட்டம் எங்கிருந்து வரப்போகிறது என்று நினைத்தேன். ஆறு வாரம் கழித்துக் குறிப்பேட்டைப் புரட்டியபோது, சுட்ட 18 ரொட்டிகளில் 7 ரொட்டிகளுக்கு எதிரே ‘நடுவில் ஈரம்’ என்றோ ‘முன்பக்கம் வெளுப்பு’ என்றோ என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அந்த ஏழில் மூன்று குப்பைக்கே போயிருந்தன.

மின்சாரக் கணக்கு இதைவிட மோசமாக இருந்தது. பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகும் சிறிய மின்மானி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி, ஓவனின் 2,200 வாட் சுமையைத் தாங்கும் என்று அதன் முதுகில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு மாட்டினேன். ஒரு ரொட்டி சுட 0.95 யூனிட் ஆனது. அதில் 0.55 யூனிட், ஓவன் சூடாகி அதன் விளக்கு அணையும் வரையிலான முதல் 15 நிமிடத்திலேயே போய்விட்டது. 800 கிராம் பிசைந்த மாவை அறையின் வெப்பத்திலிருந்து 95 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவரவும், வேகும்போது அதிலிருந்து 90 கிராம் நீரை ஆவியாக்கவும் எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று தாளில் கணக்கிட்டுப் பார்த்தால் விடை 0.1 யூனிட்டை ஒட்டியே வருகிறது. மீதி முழுவதும் இரும்புப் பெட்டியையும் கண்ணாடிக் கதவையும் சூடாக்கி, பிறகு சமையலறைக் காற்றில் கரைந்துபோகிறது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு ரொட்டி என்று சுட்டதால் இந்தப் பெட்டியை வாரத்துக்கு மூன்று முறை வெறுமனே சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டாக இருந்தன. முதலில் ஓவன் சொல்கிற சூட்டை அது உண்மையிலேயே தருகிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அதன்பின், ஒருமுறை ஏற்றிய சூட்டை அது ஆறும் வரைக்கும் வேலை வாங்க வேண்டும்.

வெப்பமானி கையில் இல்லாத நாளில் சர்க்கரையை வைத்துத்தான் தொடங்கினேன். வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ 186 டிகிரியில் உருகும். அலுமினியத் தாளைச் சிறு கிண்ணம் போல மடித்து, அதில் அரைக் கரண்டி சர்க்கரையைப் போட்டு, ஓவன் நன்றாகச் சூடான பிறகு நடுத் தட்டில் 15 நிமிடம் வைத்தேன். திருகியில் 190 என்று வைத்தபோது சர்க்கரை மணல் போலவே இருந்தது. 205-இலும் அப்படியே. 220-இல் வைத்த கிண்ணத்தில்தான் ஓரமாக இருந்த பரல்கள் கண்ணாடி போலத் தெளிந்து ஒட்டத் தொடங்கின. நீண்ட நேரம் வைத்தால் சர்க்கரை இன்னும் குறைந்த சூட்டிலேயே பழுப்பேறிச் சிதையத் தொடங்கிவிடும் என்பதால் இதை நுட்பமான சோதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 30 டிகிரிக்கு மேல் பிழை இருந்தால் அதை இது காட்டிக்கொடுத்துவிடும், எனக்குக் காட்டியும் கொடுத்தது.

அதற்குப் பிறகு, கம்பித் தட்டில் தொங்கவிடும் ஓவன் வெப்பமானி ஒன்றை வாங்கினேன். இந்த முயற்சிக்காக நான் வாங்கியவற்றில் உண்மையாகவே தன் விலையைத் திருப்பித் தந்தது இதுவும் சமையலறைத் தராசும் மட்டும்தான். சிலிகான் விரிப்பும் பிரம்புக் கூடையும் அலமாரியில் தூங்குகின்றன. வெப்பமானியை முதல்முறை பார்த்தபோது 200 காட்டியது, அட, பிழை பெரிதாக இல்லையே என்று ஏமாந்தேன். ஓவனின் சூடு ஒரே கோட்டில் நிற்பதில்லை. தெர்மோஸ்டாட் மின்சாரத்தை விட்டும் வெட்டியும் சூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும், நான் பார்த்தது ஓர் ஏற்றத்தின் உச்சி. 40 நிமிடம் ஓடவிட்டு, 5 நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடி வழியாகவே படித்து எழுதியபோது, 172-க்கும் 200-க்கும் நடுவில் ஊசலாடி, சராசரி 186-இல் வந்து நின்றது. திருகி சொல்வது 220, உள்ளே இருப்பது 186. ரொட்டிகள் ஏன் வெளுத்தன என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஓவனுக்குப் போகும் மின்சாரத்தைச் சுவரிலேயே நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, முழுக்க ஆறிய பிறகு கம்பித் தட்டுகளை வெளியே எடுத்துவிட்டு டார்ச்சுடன் தலையை உள்ளே நுழைத்தேன். இவ்வகை ஓவன்களில் தெர்மோஸ்டாட்டின் உணரி, பென்சிலைவிட மெல்லிய ஓர் உலோகக் குழல். அதற்குள் இருக்கும் திரவம் சூட்டில் விரிந்து, தலைமுடி போன்ற நுண்குழாய் வழியாகத் திருகிக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சைத் தள்ளுகிறது. அந்தக் குழலைக் கூரையின் பின்பக்கத்தில் இரண்டு சிறு கவ்விகள் பிடித்திருக்க வேண்டும். ஒன்று கழன்று போயிருந்தது. அந்தப் பக்கத்து நுனி சரிந்து, மேல் சூடேற்றிக் கம்பியிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பியின் அனலை நேராக வாங்கிக்கொண்டு, ஓவன் முழுவதும் சூடாகிவிட்டது என்று அது முன்கூட்டியே மின்சாரத்தை வெட்டியிருக்கிறது. கழன்ற கவ்வி தரைத்தகட்டின் மூலையில் ரொட்டித் தூளுக்கு நடுவில் கிடைத்தது. அதை மெல்ல நெருக்கிப் பழைய துளையில் செருகி, குழலை அதற்குள் அழுத்தியதோடு வேலை முடிந்தது. நுண்குழாயை எந்த இடத்திலும் கூர்மையாக மடக்கிவிடக் கூடாது என்பது ஒன்றே இதில் கவனிக்க வேண்டியது. அது ஒடிந்தால் தெர்மோஸ்டாட்டையே மாற்ற வேண்டியிருக்கும். மறுபடி அதே 40 நிமிடச் சோதனையில் சராசரி 209-க்கு ஏறியது.

மிச்சம் 11 டிகிரி இருந்தது. கதவுப்பக்கம் இருக்கும் ரொட்டிமுனை மட்டும் எப்போதும் வெளிறியே வந்ததால் கதவு ஓரத்து ரப்பர் பட்டையின் மேல் சந்தேகம் விழுந்தது. ஒரு தாளை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தேன். பட்டை நன்றாக இருந்தால் தாள் பிடிமானத்தோடு வரும், அல்லது கிழியும். எட்டு இடங்களில் மூன்றில் அது வெண்ணெயில் கத்தி போல வழுகிக்கொண்டு வந்தது. சோப்புக் கலந்த வெந்நீரில் பட்டையைத் துடைத்ததும் ஓர் இடம் சரியாகிவிட்டது, அங்கே எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். கீழ்விளிம்பில் இருந்த மற்ற இரண்டு இடங்களிலும் பட்டை இறுகித் தட்டையாகிப்போயிருந்தது.

புதுப் பட்டை வாங்குவதில் என் அவசரம் ஒரு வாரத்தை வீணாக்கியது. சுற்றளவை மட்டும் நூலால் அளந்து வரவழைத்தேன்; வந்த பட்டையில் மூலைக்கு ஒன்றாக நான்கு கொக்கிகள், எங்கள் ஓவனின் சட்டத்தில் ஆறு துளைகள். திருப்பி அனுப்பிவிட்டு, இம்முறை கொக்கிகளின் எண்ணிக்கையையும், ஒவ்வொரு துளைக்கும் இடையிலான தூரத்தையும், பட்டை நான்கு பக்கமும் சுற்றி வருகிறதா, மூன்று பக்கத்தோடு நின்றுவிடுகிறதா என்பதையும் எழுதி வைத்துக்கொண்டு வாங்கினேன். மாட்டுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் மூலைக் கொக்கிகள், பிறகு நடுவில் இருப்பவை, ஒட்டுப்போட்ட இணைப்பு கீழ்ப்பக்கம் வரும்படியாக. அதன் பிறகு சராசரி 215. மீதமிருந்த 5 டிகிரிக்காக எதையும் கழற்றவில்லை. திருகியின் வளையத்தில் உண்மையான 220 எங்கே வருகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டேன், பிறகு 170-க்கு ஒன்று, 120-க்கு ஒன்று.

இனி மாவு. எங்கள் வாராந்தர அளவு மைதா 700 கிராம், முழுக்கோதுமை மாவு 300 கிராம், தண்ணீர் 670 கிராம், எண்ணெய் 30 கிராம், உப்பு 15 கிராம், உலர்ந்த உடனடி ஈஸ்ட் 5 கிராம். தண்ணீரையும் தராசிலேயே எடை போடுகிறேன். தொடக்கத்தில் கோப்பையால் அளந்துகொண்டிருந்தேன், அதே கோப்பையில் மாவைத் தூவி நிரப்பினால் 120 கிராம், பையிலிருந்து அழுத்தி அள்ளினால் 150 கிராம். ஐந்தாறு கோப்பை சேரும்போது இந்த வேறுபாடு ஒரு நாள் களியையும் மறுநாள் கல்லையும் தந்தது.

உப்பு முதலில் 20 கிராமாக இருந்தது. வளர்ந்தவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது, குழந்தைகளுக்கு அதைவிடவும் குறைவு. இரண்டு வயதுப் பையன் காலையும் மாலையும் ரொட்டி தின்கிறான் என்பதால் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தேன். 15 கிராமில் 40 கிராம் எடையுள்ள ஒரு துண்டுக்கு 0.4 கிராம் உப்பு வருகிறது, சுவையிலும் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. 10 கிராமுக்கு இறக்கிய வாரத்தில் மாவு கையோடு ஒட்டியது, மிக வேகமாகப் பொங்கித் தளர்ந்தது, ரொட்டியும் சப்பென்று இருந்தது. உப்பு சுவைக்காக மட்டும் சேர்வதில்லை. மாவின் பசையத்தை, அதாவது குளூட்டன் என்ற புரதப் பின்னலை, இறுக்குகிறது, ஈஸ்டின் ஓட்டத்துக்குக் கடிவாளமும் போடுகிறது.

ஈஸ்டைப் பற்றி எனக்கு இருந்த தப்பெண்ணம், நிறையப் போட்டால் நன்றாக உப்பும் என்பது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் மாவு நம் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டுமே தவிர நாம் மாவின் நேரத்துக்குக் காத்திருக்க முடியாது. பையனைத் தூங்கவைக்கும் ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தைத் தாண்டி வழிந்த மாவை நான் இரண்டு முறை மேடையிலிருந்து வழித்தெடுத்திருக்கிறேன். இப்போது வெள்ளி இரவு பிசைந்து, அறையில் ஒரு மணி நேரம் வைத்து, மூடியிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். அங்கே 4 டிகிரியில் ஈஸ்ட் மெதுவாகவே இயங்கும். மறுநாள் காலை எட்டுக்கு எடுத்தாலும் பத்துக்கு எடுத்தாலும் மாவு கோபித்துக்கொள்வதில்லை, வாசனையும் கூடுகிறது. ஈஸ்ட்டின் அளவு பாதியாகக் குறைந்தது கூடுதல் ஆதாயம். ஒரு முறை குளிர்ந்த மாவைச் சீக்கிரம் வழிக்குக் கொண்டுவரலாம் என்று கொதித்து இறக்கிய பாலில் ஈஸ்டைக் கலந்தேன். 55 டிகிரியைத் தாண்டினாலே ஈஸ்ட் சாகத் தொடங்கிவிடும் என்பதை அந்த வாரத்து ரொட்டி, செங்கல் வடிவில், நினைவூட்டியது.

பிசைவதைப் பாதியாகக் குறைத்தேன். மாவையும் தண்ணீரையும் வறண்ட இடம் இல்லாமல் கலந்து, மூடி, 30 நிமிடம் சும்மா விட்டுவிட்டால் பசையம் தானாகவே பின்னத் தொடங்கிவிடுகிறது. அதன் பிறகு உப்பும் ஈஸ்டும் எண்ணெயும் சேர்த்து ஐந்தாறு நிமிடம் பிசைந்தால் போதும். ஒரு சிறு உருண்டையைக் கிள்ளி இரு கை விரல்களாலும் மெல்ல இழுத்து விரித்து விளக்குக்கு எதிரே பிடித்தால், கிழியாமல் ஒளி ஊடுருவ வேண்டும். முழுக்கோதுமையில் இருக்கும் தவிடு அந்தச் சவ்வை ஆங்காங்கே வெட்டிவிடும் என்பதால், முழு மைதாவில் வருவது போன்ற கண்ணாடிச் சவ்வை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

சனி காலையில் 80 கிராம் மகளுக்கு, 40 கிராம் மகனுக்கு என்று இரண்டு உருண்டைகளை முதலிலேயே எடுத்து வைத்துவிடுகிறேன், மீதி 1,600 கிராம் இரண்டு டின்களுக்குச் சரிபாதி. குழந்தைகளின் உருண்டைகள் வெறும் விளையாட்டுக்கு அல்ல, அவை ஒரு வேலையும் செய்கின்றன. சுட்ட ரொட்டியை ஒரு மணி நேரமாவது கம்பித் தட்டில் ஆறவிட வேண்டும். சூட்டோடு அறுத்தால் உள்ளே மாவுப்பொருள் இன்னும் இறுகாததால் கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டி, முழு ரொட்டியும் நசுங்கிவிடும். அந்த ஒரு மணி நேரத்தை இரண்டு குழந்தைகளிடம் கேட்டு வாங்குவது நடக்கிற காரியமா? சின்ன உருண்டைகள் 18 நிமிடத்தில் வெந்து, பத்தே நிமிடத்தில் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிவிடுகின்றன. ‘என் ரொட்டி’ என்று ஆளுக்கொன்றைத் தின்று முடிக்கும்போது பெரியவை ஆறிக்கொண்டிருக்கும். பச்சை மாவை வாயில் வைக்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி, ஏனென்றால் மாவு வேகவைக்காத தானியம், அதில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். பிசைந்த கையோடு மகன் நேராக விரல் சூப்பப் போவான் என்பதால் அவனுடைய பங்கு கடைசியில் வருகிறது, உடனே கை கழுவல்.

ஓவனின் வரிசை இப்படி அமைந்தது. முதலில் 220-இல் ரொட்டி; 10 நிமிடம் கழித்து 200-க்கு இறக்கி இன்னும் 25 நிமிடம். நடுவில் குத்திப் பார்க்கும் வெப்பமானி 95 காட்ட வேண்டும், டின்னிலிருந்து கவிழ்த்து அடியைத் தட்டினால் வெற்றுப் பானையைத் தட்டிய ஓசை கேட்க வேண்டும். தொடக்கத்தில் நீராவிக்காக அடித் தட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். டின் ரொட்டிக்கு அது அவசியமில்லை என்று தெரிந்துகொண்டேன், சூடான கதவுக் கண்ணாடியில் நீர் தெறித்தால் விரிசல் விடும் அபாயமும் உண்டு என்பதால் விட்டுவிட்டேன்.

ரொட்டி வெளியே வந்ததும் அதே சூட்டில் வாழைப்பழக் கேக். கறுத்துப்போன மூன்று பழங்களைத் தோல் நீக்கிப் பிசைந்தால் 300 கிராம் தேறும், அதற்கு மைதா 200, சர்க்கரை 100, எண்ணெய் 80 கிராம், முட்டை இரண்டு, சமையல் சோடா முக்கால் தேக்கரண்டி. 170-இல் 50 நிமிடம். முதல் வாரம் ரொட்டி வேகும் நேரத்தில் கேக் மாவையும் கலந்து தயாராக வைத்துவிட்டேன், நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்ற நினைப்பு. 35 நிமிடம் காத்திருந்த மாவு உயராமல், கீழே ரப்பர் போன்ற ஓர் அடுக்கோடு வந்தது. சோடா, பழத்தின் புளிப்போடு ஈரத்தில் சேர்ந்த அந்த நொடியிலேயே வாயுவை விடத் தொடங்கிவிடும். ஓவனுக்குள் போகும்போது அதற்கு மூச்சே மிஞ்சியிருக்கவில்லை. இப்போது உலர்ந்தவை ஒரு கிண்ணத்திலும் ஈரமானவை இன்னொன்றிலும் தனித்தனியாகக் காத்திருக்கின்றன. ரொட்டியை எடுத்த பிறகு ஓவன் 200-லிருந்து 170-க்கு இறங்க, கதவை மூடியபடியே, எங்கள் வீட்டில் 15 நிமிடம் ஆகிறது. இரண்டையும் கலந்து டின்னில் ஊற்ற அது தாராளமாகப் போதும். கதவைத் திறந்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும்தான். ஆனால் திறந்த கதவு இரண்டு வயதுக் குழந்தையின் முகத்துக்கு நேரான உயரத்தில் நிற்கிறது, ஆகவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கேக்குக்குப் பிறகு ஓவனை 120-க்குத் திருப்பி, போன வாரத்து ரொட்டியின் மிச்சத் துண்டுகளையும் முனைகளையும் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் அறுத்துப் பரப்புகிறேன். 40 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பல், அதன்பின் ஓவனை அணைத்துவிட்டு அப்படியே உள்ளே விட்டுவிடுவது. சாயங்காலம் எடுக்கும்போது உடைத்தால் நொறுங்கும் ரஸ்க்காக இருக்கும். உள்ளே கொஞ்சம் மெத்தென்று இருப்பதை டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடித்துவிடும், ஆகவே எல்லாவற்றிலும் கனமான துண்டை உடைத்துப் பார்த்த பிறகே அடைக்கிறேன். ரஸ்க்குக்கு ஒவ்வாத சிறு துணுக்குகள் அரைபட்டு ரொட்டித் தூளாகின்றன.

மின்மானியின் கணக்கு: ரொட்டிகள் இரண்டுக்கும் குழந்தைகளின் உருண்டைகளுக்கும் சேர்த்து 1.1 யூனிட், கேக்குக்கு 0.4, ரஸ்க்குக்கு 0.15. ஆக 1.65. கேக்கையும் ரஸ்க்கையும் குளிர்ந்த ஓவனில் தனியாகத் தொடங்கிப் பார்த்த நாட்களில் அவை 0.9-உம் 0.55-உம் எடுத்துக்கொண்டன. முன்பு வாரத்து மூன்று ரொட்டிகளுக்கு மட்டுமே 2.85 போய்க்கொண்டிருந்தது, இப்போது வாரத்துக்கு இரண்டே ரொட்டி, அதில் குப்பைக்குப் போவது எதுவுமில்லை.

வாரத்துக்கு ஒரே நாள் சுடுவதென்றால் ஏழாம் நாள் ரொட்டியைத் தின்னும்படி வைத்திருக்க வேண்டும், இதில் நான் நெடுநாள் தவறே செய்துகொண்டிருந்தேன். ரொட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தேன். ரொட்டி காய்ந்துபோவது பெரும்பாலும் ஈரம் வெளியேறுவதால் நடப்பதில்லை. வெந்தபோது நெகிழ்ந்த மாவுப்பொருள் மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுவதால் நடக்கிறது, அந்த இறுகல் உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது குளிர்பதனப் பெட்டியின் வெப்பத்தில்தான் மிக வேகமாக நடக்கிறது. அறையில் மூன்று நாள் தாங்கும் ரொட்டி அங்கே ஒரே நாளில் கிழவனாகிவிடும். இப்போது முதல் ரொட்டி துணிப்பையில், மரப்பலகையின் மேல். இரண்டாவதை ஆறிய அன்றே துண்டுகளாக அறுத்து, காற்றுப் புகாத பையில் இட்டு, -18 டிகிரி உறைபெட்டியில் வைக்கிறேன். உறைந்த துண்டை நேராக டோஸ்டரில் போட்டால், 60 டிகிரியைத் தாண்டும்போது அந்த இறுகல் பெரும்பாலும் அவிழ்ந்துவிடுகிறது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அடுக்கும்போது துண்டுகளை எதிரெதிர்ப் பக்கமாகச் சற்றே தள்ளி வைக்க வேண்டும். இது மனைவி கண்டுபிடித்தது, அதற்கு முன்னால் நான் கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தேன்.

ஓரமாகத் துளி பூசணம் தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் எறிந்துவிட்டு மற்றதைத் தின்னும் பழக்கம் எனக்கு இருந்தது. மென்மையான ரொட்டியில் பூசணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். சிக்கனம் அந்த இடத்துக்கு நீளக் கூடாது என்பதால் இப்போது முழுவதையும் எறிந்துவிடுகிறேன்.

அணைத்த ஓவனில் மிஞ்சும் சூட்டில் ரஸ்க்குக்குக் கீழ்த்தட்டு காலியாகத்தான் இருக்கிறது என்று பார்த்து, பழைய மாவில் உப்புக்களி பிசைந்து மகளிடம் கொடுத்தேன். இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு தூளுப்பு, ஒரு பங்கு தண்ணீர். அவள் அதில் முயல் ஒன்று செய்தாள். காதுகளைத் தண்ணீர் தொட்டு ஒட்டி, முட்கரண்டியால் மீசை கீறினாள். நான் அவசரப்பட்டு, கேக் வெந்துகொண்டிருக்கும் 170-இலேயே அதையும் உள்ளே தள்ளிவிட்டேன். உள்ளே இருந்த ஈரம் நீராவியாகி வெளியேற வழியில்லாமல் களியை ஊதிவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் திரும்பி, “அப்பா, முயல் குண்டாயிடுச்சு, வயித்துல பாப்பா இருக்கு” என்றாள். அதற்குப் பிறகு களிப் பொம்மைகளை விரல் கனத்துக்கு மேல் செய்யவிடுவதில்லை, 100 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே உள்ளே வைக்கிறேன். ஒரே நாளில் முழுவதும் காயாது, மறுவாரம் இன்னொரு முறை வைக்க வேண்டும். உப்பு இவ்வளவு சேர்ந்த களி வயிற்றுக்குள் போனால் சின்னக் குழந்தைக்கு ஆபத்து என்பதால், மகன் தூங்கும் நேரத்தில்தான் இந்த வேலை, முடிந்ததும் எல்லாம் உயரத்தில்.

பட்டை மாற்றி ஐந்து மாதம் ஆகிறது. மாதத்துக்கு ஒருமுறை, ஓவன் ஆறியிருக்கும்போது, தாள் சோதனையை இப்போது மகள்தான் செய்கிறாள். எட்டு இடங்களுக்கும் எண் போட்டுக் கொடுத்திருக்கிறேன். போன சனிக்கிழமை ஆறாம் எண்ணில், அதாவது இடப்பக்கக் கீழ்மூலையில், தாள் மறுபடி சுலபமாக வந்தது. பட்டை அங்கே மெத்தென்றுதான் இருக்கிறது. கதவைப் பாதி திறந்து இரண்டு பக்கமும் தூக்கிப் பார்த்தால் இடது கீல் மட்டும் சற்றே ஆடுகிறது, அதன் வில் தளர்ந்திருக்க வேண்டும். கீலின் நீளத்தையும் திருகாணித் துளைகளின் இடைவெளியையும், இம்முறை எண்ணிக்கையோடு, குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.